கந்தப்பர் வேஷத்தில் உன் நைனா

இராயபுரம்,
1957 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

என் கண்ணு பிரகாசிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று விடியற்காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்து இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன். ஆறாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது, மாங்காய் தவிர ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பிரசவத்துக்கு அங்கேயே இருந்துவிடட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்துவிட்டு எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. நீ குணசேகரனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய்க்கு ரயிலேறியதிலிருந்து உன் நைனா உன் பேரை வாயில் எடுத்ததில்லை, நான் எடுத்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போய்விடுவார். அவர் மனது தெரியாமல் நான் உன்னை வா என்பதா, இரு என்பதா? இப்போது எழுதுகிறேன், நல்ல சேதிதான், உட்கார்ந்து நிதானமாகப் படி.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் சுப்பராயன் வாத்தியார் நடத்தும் படிப்பகத்துக்கு ஆண்டு விழா வந்தது. அவரே தாழ்ப்பாள் என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். கந்தப்பர் என்று ஒரு மீன்மண்டி முதலாளி, பெண்டாட்டி இல்லாதவர், அவருடைய ஒரே மகள் தன் இஷ்டப்படி வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். பிறகு ஒருநாள் அப்பாவைப் பார்க்க வருகிறாள், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார், அவ்வளவுதான் கதை. கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு கப்பலின் அடித்தட்டு வரை கேட்கக் கத்துகிறவராயிற்றே உன் நைனா, அந்தக் குரல் வேண்டும் என்று வாத்தியார் வீடு தேடி வந்துவிட்டார். கதையை அவர் சொல்லச் சொல்ல, உன் நைனா மனுஷரை அடித்துத் துரத்தப் போகிறார் என்றே நினைத்தேன். உன் நைனா முழுக்கக் கேட்டுவிட்டு, "கந்தப்பர் வேஷத்த நானே கட்றேன் சார். அந்த ஆளு பக்கம் ஞாயம் பேசவும் ஒருத்தன் வேணுமில்ல" என்றார்.

ஒத்திகை தினமும் சாயங்காலம் படிப்பகத்தில் நடந்தது, நானும் பக்கத்து வீட்டுப் பூவம்மாவும் போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்போம். மகள் வேஷம் உன் நைனாவோடு வேலைக்குப் போகிற நம் ஹென்றிக்கு. மீசையை எடுத்துவிட்டு வேலைக்குப் போகும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டு போனான் பாவம். நடிப்பதை விடச் சண்டை போட்டதுதான் அதிகம். எல்லாம் கந்தப்பர் நல்லவரா கெட்டவரா என்கிற சண்டைதான். உன் நைனா, "சொல்லாம கொள்ளாம பூட்டா, பெத்தவன் இன்னா பண்ணுவான்? அவன் பண்ணதுதான் ரைட்டு" என்பார். ஹென்றி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணே, அது சண்டை போடவா திரும்பி வந்துகீது? அப்பன் மூஞ்சியப் பாக்கத்தான வந்துகீது" என்பான். வாத்தியார் நிறையப் படித்தவர். பழைய காவியங்களில் அப்பன் என்றால் ராஜா, அவன் வாக்கு சட்டம், இந்தக் காலத்துக் கதைகளில் அப்பன் என்றால் கொடியவன், இரண்டுக்கும் நடுவில் ஒருவனைத்தான் தேடுகிறேன் என்றார். அப்புறம் உன் நைனாவைப் பார்த்து, "அம்புரோஸ், கந்தப்பருக்கு மக மேல கோபமே இல்லீங்க. தெரு என்ன சொல்லுமோன்னு பயம். அந்தப் பயத்தைக் கோபம்னு நினைச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்றார். அன்று ராத்திரி உன் நைனா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் போனதும் போகாததுமாக வாத்தியாரிடம், "நீங்க சொன்னது சரி சார், பயம்தான். ஆனா பயம் மட்டும் இல்ல. தாப்பா போடறதுக்கு முந்தி அவன் ஒரு தபா தெருவப் பாப்பான். அவ நின்னுகினு கீறாளா, பூட்டாளான்னு பாப்பான்" என்றார். வாத்தியார் ஒப்பவில்லை. பார்த்தால் ஜனங்கள் அவர் மேல் இரக்கப்படுவார்கள், ஜாதி மேல் வரவேண்டிய கோபம் கரைந்துபோகும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, எனக்கு யார் பக்கம் சேருவது என்றே தெரியவில்லை. விழா வரைக்கும் இந்த வழக்கு தீரவில்லை, கடைசியில் வாத்தியார் அலுத்துப்போய், "மேடையில நிக்கப்போறது நீங்க, உங்க மனசுபோல செய்யுங்க" என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். மைதானம் நிறைய ஜனம். ஹென்றியின் சவுரி ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டு கழன்று வந்துவிட்டது, ஆர்மோனியம் வாசித்த மஜீது வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான், எனக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. பிறகு அந்தக் கட்டம் வந்தது. வாத்தியார் எழுதியது "அப்பா" என்றுதான். ஹென்றி பதற்றத்தில், "நைனா, நான் வந்துகீறேன்" என்றுவிட்டான். உன் நைனா கதவில் கையை வைத்தபடி அப்படியே நின்றார். பேசவில்லை, அசையவில்லை, தெருவையே பார்த்தபடி நிற்கிறார். வசனம் மறந்துவிட்டார் என்று நினைத்து உள்ளேயிருந்து ஒருவன் "வெளியே போ, வெளியே போ" என்று எடுத்துக் கொடுக்கிறான், ஜனம் சிரிக்கிறது, அப்போதும் இவர் நின்றுகொண்டேதான் இருந்தார். பிறகு மெதுவாக, எனக்கே பாதிதான் கேட்டது, "போ" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டார். போட்டுவிட்டுக் கதவிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். பூவம்மா தன்னை மறந்து எழுந்துவிட்டாள். "அடப்பாவி மனுசா, பெத்த மனசா அது? தொறடா கதவ!" என்று அவள் கத்த, நாலா பக்கமும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், வேர்க்கடலைத் தோலெல்லாம் மேடையில் வந்து விழுந்தது. முடிந்ததும் வாத்தியார் உள்ளே வந்து, நாடகத்தையே நிறுத்திவிட்டீர்களே என்று குறைப்பட்டார், அந்த மூச்சிலேயே, "இருக்கட்டும், அடுத்து பொன்னேரியில போடும்போதும் இப்படியே நில்லுங்க" என்றார்.

மறுநாள் காலையில் பூவம்மா ஒரு தட்டு நிறைய ஆப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தாள். உன் நைனா ஒரே சிரிப்பு. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! "நீ திட்னது சரிதாம்மா. அந்த ஆளுக்கு வூட்டுல ஒருத்தி இருந்தா அவ திட்டியிருப்பா" என்றவர், என் பக்கம் திரும்பி, "இன்னா சுகிர்தம், நீ ஏன் என்ன ஒரு வார்த்த திட்டல?" என்றார். "திட்டினா எழுந்து போயிடுவீங்களே" என்றேன். கொஞ்ச நேரம் ஆப்பத்தையே பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிரகாசிக்கு எத்தினி மாசம்?" என்றார்.

நான் அவரிடம் சொல்லவே இல்லையடி! என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் பழைய வேட்டியெல்லாம் கிழிச்சுத் தொவச்சு மடிச்சு மடிச்சு வைக்கிறியே, யாருக்குன்னு தெரியாதா எனக்கு? வரச் சொல்லு. அந்தப் பையனையும் கூட்டிகினு வரச் சொல்லு" என்றார். பூவம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், அவர் இரண்டு பேரையும் பார்த்து "பேஜாரு பண்ணாதீங்க" என்று அதட்டிவிட்டு வெளியே போனார். போனவர் சுண்ணாம்பும் மட்டையும் வாங்கிக்கொண்டு வந்து உள் அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். இதை எழுதும்போதும் தலையெல்லாம் வெள்ளையாக ஏணி மேல்தான் நிற்கிறார்.

ஆகையால் ஏழாம் மாதம் பிறந்ததும் கிளம்பிவிடு, தள்ளிப்போடாதே. பெண்கள் பெட்டியில் ஏறு, எதையும் நீ தூக்காதே, கூஜாவில் காய்ச்சின தண்ணீர் வைத்துக்கொள். மாப்பிள்ளைக்குக் கோயில் குளம் கிடையாது என்பது எனக்கு ஒரு கவலைதான், ஆனால் அவரை இங்கே யாரும் பூசைக்கு இழுக்கமாட்டார்கள் என்று சொல். உன் நைனாவுக்கு முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாது, கிரேனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார், மாப்பிள்ளை கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளட்டும். உனக்கும் உன் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் மாதா தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக. புறப்படும் தேதியை மறக்காமல் முன்னதாக எழுது.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
சுகிர்தம்

பி.கு. உன் நைனா ஏணியிலிருந்து இறங்கி வந்து பேனாவைக் கேட்கிறார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

எந்த வண்டி, எத்தனையாவது பெட்டி என்று எழுது. சென்ட்ரலில் பிளாட்பாரத்திலேயே நிற்கிறேன். — நைனா