அரைப் பேர்

வெள்ளவத்தை,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு, தர்ஷன் வணங்கி எழுதுவது. கால் வீக்கம் வற்றியதா? நான் நலம்.

ஒரு ஹோட்டலின் இணையத்தளத்துக்கு மற்றத் தளங்களிலிருந்து லிங்க் வாங்குவதுதான் என் வேலை. அது சிபாரிசு மாதிரி. நல்ல தளங்கள் லிங்க் கொடுத்தால், தேடும்போது ஹோட்டல் முன்னுக்கு வரும்.

போன வாரம் தேடுபொறியின் அறிக்கையில் முன்னூறு லிங்க் இருந்தது. திங்கட்கிழமை நூற்றைம்பதுதான்.

"என்ன தர்ஷன், மீதிய தேத்தண்ணியோட குடிச்சிட்டியா?" என்றார் மேலாளர்.

"ஒண்ணும் போகல சார். அந்த அறிக்கை எல்லாத்தையும் காட்டாது, கொஞ்சத்தத்தான் காட்டும். எத்தனைங்கிறத விட யாரு குடுத்தாங்கங்கிறதுதான் முக்கியம்."

அறிக்கையில் விடுபட்ட லிங்குகள் அந்தத் தளங்களில் அப்படியே இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எண்ணிக்கை ஏறும்வரை லீவு இல்லையாம்.

பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்ததென்று உங்கள் முழுநாள் வேலைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டபோது தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடித்தீர்களே, அந்தக் கோபம் இப்போது எனக்கு. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

லீவு இல்லாததால் நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வர முடியாது. இந்தப் பக்கம் வர வட்டகொடையில் ரயிலேறும் யாரிடமாவது என் கம்பளியைக் கொடுத்துவிடுங்கள். இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் அனுப்புங்கள். அர்ச்சனைக்கு என் பேரையும் கொடுங்கள், முழுப் பேராகவே.

பஸ் நிறுத்தத்தில் இருந்துதான் எழுதுகிறேன், வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

மகன் தர்ஷன்