ரேஷன் கார்டில் ஒரு மனைவி

9-5-2005, திங்கள்

கத்திரி வெயில். உப்புக்கு இதுதான் வேண்டும். கிழக்குப் பாத்திகளில் நல்ல விளைச்சல். காலையிலேயே ஒரு லாரி ஆம்பூருக்கு, தோல் பதனிடுகிற இடத்துக்கு.

பூங்கோதை பேக்ஸ் அனுப்பியிருப்பதாக எஸ்.டி.டி. பூத்காரர் போன் செய்தார். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கல்யாணத்தைப் பதிய நான் எடுத்துப் போக வேண்டியவை:

பாஸ்போர்ட். இருக்குது.
வயசுக்கு ஆதாரம். பள்ளிக்கூட டி.சி. தேடணும்.
எனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று தாசில்தார் சான்று. அதன்மேல் சென்னையில் ஒரு முத்திரை, டில்லியில் ஒரு முத்திரை.

அடியில் அவள் கையெழுத்தில்: "ஜூலை பத்துக்கு ஹால் சொல்லியாச்சு. அப்பா படுத்தபடியே காலண்டர் தாளைக் கிழிக்கச் சொல்றார்."

அவருக்காகத்தான் கல்யாணம் அங்கே. அவரால் பிளேன் ஏற முடியாது. நாற்பத்தொரு வயசில் எனக்காக ஒருத்தி ஹால் பிடிக்கிறாள். அவள் இங்கே வந்திருந்தபோது, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் செருப்பைத் தேடும்போது ஆரம்பித்த பேச்சு. அய்யனாருக்கு ஒரு மாலை பாக்கி.

10-5-2005, செவ்வாய்

வி.ஏ.ஓ. ஆபீஸ். கேட்ட முதல் காகிதமே ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, உனக்குப் பொண்டாட்டியும் இருக்குது, பொண்ணும் இருக்குது. அப்புறம் என்ன கல்யாணம்?"

கார்டில்: தனலட்சுமி, மனைவி. கவிதா, மகள்.

நானே எழுதச் சொன்னது. அண்ணன் மாணிக்கம் செத்த வருஷம் அண்ணியையும் குழந்தையையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அண்ணி என்று எழுதினால் ஆயிரம் கேள்வி. பழைய கார்டில் பேர் நீக்கின சீட்டு எங்கே, அந்தம்மா அப்பா வீடு எங்கே. மனைவி என்றால் கேள்வியே இல்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும்பா. காகிதத்துக்குத் தெரியாதே," என்றார் வி.ஏ.ஓ. திட்டவில்லை. என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் அவரே எழுதிக் கொடுத்தார். அண்ணன் இறப்புச் சான்று. கவிதா பிறப்புச் சான்று, அதில் அப்பா பேர் இருக்கும். ஊரில் விசாரணை. கடைசியாக, அண்ணியே தாசில்தார் முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

12-5-2005, வியாழன்

அண்ணியிடம் சொல்லவில்லை இன்னும். இரண்டு நாளாகச் சாப்பிடும்போதெல்லாம் வாய் வரைக்கும் வருகிறது. மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

வியாபாரத்தில் யாரிடமும் எதையும் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்க முடியவில்லை. சைக்கிளில் மூட்டை கட்டி பெருமுக்கல் வரைக்கும் நான் உப்பு விற்ற காலத்தில் வெள்ளி முளைக்கும்முன் எழுந்து கஞ்சித் தூக்கு கட்டிக் கொடுத்தவர். திடீர் மழைக்குக் கீற்றைத் தூக்கிக்கொண்டு உப்புக் குவியலை மூட என்னோடு ஓடினவர். அவரைக் கூட்டிப்போய், "நான் இவருக்குப் பொண்டாட்டி இல்ல" என்று நாலு பேர் முன்னால் சொல்ல வைக்கணும். அப்படி எழுதினது தெரிந்தாலே என் முகத்தில் முழிக்க மாட்டார்.

டி.சி. கிடைத்தது. ஒரு ஓரம் கரையான்.

13-5-2005, வெள்ளி

சொல்லிவிட்டேன். வாசலில் மீன்காரம்மா போனதும். அண்ணி சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு முழுசும் சொல்லி முடித்தேன்.

செதில் சீவுகிற சத்தம் நிற்கவே இல்லை.

"தம்பி, ஒம்பது வருஷமா மாசாமாசம் அந்தக் கார்டைக் கடைக்குத் தூக்கினு போறது யாரு?"

"நீங்கதான் அண்ணி."

"நான் எட்டாவது பாஸ். உங்கண்ணன்தான் அஞ்சாவது."

முதல் மாசமே பார்த்துவிட்டாராம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லையாம். சண்டை போட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிகூட மடித்து வைத்தாராம்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பேரை எடுத்துடுவ. புள்ளைக்கு அரிசி போயிடும். நீ ஒரு நாள் தப்பா ஒரு பார்வை பார்த்திருந்தா அப்பவே அருவாமனையால கேட்டிருப்பேன்." பிறகு, "பூனை வருது பாரு, வெரட்டு."

விரட்டினேன். கொஞ்ச நேரம் தோட்டத்திலேயே நின்றேன். கண்ணில் உப்புக்காற்று என்று எழுதலாம். இது என் நோட்டுதானே. அழுதேன்.

16-5-2005, திங்கள்

வி.ஏ.ஓ. உப்பளத்துக்கே வந்தார் விசாரணைக்கு. வெயிலில் குடைகூட இல்லாமல். உப்பு வாருகிற பெண்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"இவருக்குக் கல்யாணம் ஆயிருக்குதாம்மா?"

"இந்தாளுக்கா?" என்றாள் செங்கேணி. "ஒரு பக்கம் பொத்தான், ஒரு பக்கம் பின் ஊசி. பொண்டாட்டி இருக்கிறவன் சட்டையா சார் இது?"

"பொத்தான் தைக்கக் குடுன்னா 'அப்புறம் அண்ணி'ன்னு ஓடினா நான் என்ன பண்றது?" தண்ணி கொண்டு வந்த அண்ணிக்குக் கோபம்.

"பார்த்தீங்களா, அண்ணின்றாங்க. எழுதிக்குங்க சார்."

வி.ஏ.ஓ. சிரித்துக்கொண்டே எழுதினார். செங்கேணி கையெழுத்து, இன்னும் இரண்டு பேர் கைநாட்டு. உப்பில் வெடித்த விரல். மை ஒட்டவில்லை, மூன்று தரம் வைத்தார்கள். எனக்காக.

20-5-2005, வெள்ளி

தாலுகா ஆபீஸ். அண்ணி கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற மாம்பழ நிறப் புடவையில். மூன்று மணி நேரம் பெஞ்சில். ஒரு பன், ஒரு டீ, அதிலும் பாதி எனக்கு.

தாசில்தார் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரு தம்பிங்க. என் பொண்ணுக்குச் சித்தப்பா."

"கார்டுல மனைவின்னு இருக்குதே?"

"அது அரிசிக்கு எழுதினதுங்க."

அறையில் இருந்த கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா கார்டை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம்: தப்பாகத் தகவல் கொடுத்ததற்கு மன்னிப்புக் கடிதம் எழுது, அந்தக் கார்டை ஒப்படை, சான்று தருகிறேன்.

எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் மன்னிப்புக் கடிதம். வெளியே வந்து அண்ணியிடம் தனியாக இன்னொன்று சொன்னேன், வாயால்.

"சரி சரி, பஸ்ஸு போயிடும்."

27-5-2005, வெள்ளி

சான்று கையில். "இன்றைய தேதி வரை திருமணமாகாதவர்." இத்தனை வருஷம் ஊர் கேலி பண்ணினதை அரசாங்கம் முத்திரை போட்டுக் கொடுக்கிறது. வி.ஏ.ஓ.வுக்கு ஒரு மூட்டை பொடி உப்பு கொண்டு போனேன். வாங்கவில்லை. "கல்யாணம் முடிச்சுட்டு வந்து சாப்பாடு போடு" என்றார்.

பூங்கோதைக்கு போன். எல்லாக் கதையும் சொன்னேன், கார்டு உட்பட. மறைத்துக் கட்டிக்கொள்ளக் கூடாது. கேட்டு முடித்ததும், "போனை அக்காகிட்ட குடுங்க" என்றாள், அண்ணியைத்தான். இருவரும் என்ன பேசினார்கள் தெரியவில்லை. பில் மட்டும் எனக்கு.

8-6-2005, புதன்

புழுக்கம். மேற்கே கருக்கல். கீற்று எடுத்து வைக்கச் சொன்னேன். சென்னை முத்திரை ஆயிற்று. டில்லிக்குப் போன காகிதம் இன்று திரும்பி வந்தது. அதுவும் ஆயிற்று. டிக்கெட் ஜூலை 4.

மத்தியானம் அண்ணி புது ரேஷன் கார்டு விண்ணப்பத்தைக் கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டார். அவரே நிரப்பியிருந்தார், பால் பாயிண்ட், குண்டு குண்டாக.

குடும்பத் தலைவி: தனலட்சுமி.
கவிதா, மகள்.
அதற்குக் கீழே என் பேர். உறவுமுறை: கணவரின் தம்பி.

அதற்கும் கீழே ஒரு வரியை விட்டுவிட்டு அப்புறம்தான் கோடு கிழித்திருக்கிறார்.

"இது எதுக்கு அண்ணி காலியா?"

"அவ வந்ததும் அவ கையால எழுதட்டும். நீ எழுதாத."