உன் மாமனுக்கு முன்னமே நட்ட கல்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.11.1938

அன்பு மகன் வேதசிரோமணிக்கு அம்மா எழுதிக்கிடுதது. கர்த்தர் கிருபையிலே இங்கே நானும் உன் பெஞ்சாதி ஞானபாக்கியமும் சொகம், மழை விடாமப் பேயுது, தொழுவத்துக் கூரை ஒழுகுது, எருமை சினையா இருக்கு. நீ பினாங்கிலே சொகம்னு எழுதியிருக்கே, எழுத்து மட்டும் கோணக்கோணையா ஓடுது, காய்ச்சலோ என்னமோ, மறைக்காம எழுது. அதிலே நீ, மாமா செத்த கார்டு கிடைச்சு அழுதேன், அவரைப் போல ஒரு சூரன் நம்ம வம்சத்திலேயே கிடையாது, அவர் வரலாத்தை விவரமா எழுதி அனுப்புங்க, இங்கே நம்ம ஊர்க்காரங்க கூட்டத்திலே வாசிக்கணும்னு கேட்டிருக்கே. அதே காயிதத்திலே கடைசி வரியிலே, பொடி எழுத்திலே, ஒரு தொரையோட சுமத்திராவுக்குப் போகப் போறேன், திரும்புறது எப்போன்னு சொல்ல முடியாதுன்னும் எழுதியிருக்கே. நல்லதுலே. சூரன் கதையை எழுதுதேன், கூட்டத்திலே நல்லாச் சத்தமா வாசி.

என் கூடப்பொறந்த தம்பி ஏசுவடியான், சேத்தூர் சந்தையிலே மாடு பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு ராசபாளையத்து வீட்டிலேருந்து போனவன். பெஞ்சாதி செல்லத்தாய் அடுப்பிலே ஒலை வச்சிருந்தா. போனவன் மாட்டையும் பாக்கலே, ஒலையையும் நெனைக்கலே, வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் எடுக்காகன்னு பம்பாய்க்கு ரயிலேறி, அங்கேருந்து பஸ்ராவுக்குக் கப்பலேறிட்டான். ஒரு வரி எழுதினானா, அதுவும் இல்லே. மறுவருசம் பம்பாய்க்கு ஏவாரத்துக்குப் போயிட்டு வந்த சேக் முகைதீன் பாய், அவன் போன கப்பல் கடல்லே முங்கிட்டுதாம்னு வந்து சொல்லி, அவரும் கூட உக்காந்து அழுதாரு. செல்லத்தாய் அழுத அழுகையைக் கேட்டு எதுத்த ராஜு வீட்டம்மா, அய்யோ பாபம், அய்யோ பாபம்னு அன்னிக்கு முழுக்க அடுப்பே பத்த வைக்கலே. தாலியைக் கழட்டினா, வெள்ளை உடுத்தினா, ஜின்னிங் மில்லுக்குப் பருத்தி பொறுக்கப் போனா. ஒடம்பு கிடைக்காத சாவுன்னாலும் போயி நின்னு செபம் பண்ண ஒரு எடம் வேணும்லா, தளவாய்புரத்து இருளப்பசாமியைக் கொண்டு கல் கொத்தி நம்ம கல்லறைத் தோட்டத்திலே நட்டா. கடலில் நித்திரையடைந்த ஏசுவடியான்னு அதிலே எழுதியிருக்கும்.

பத்து வருசம் கழிச்சு, கடலில் நித்திரையடைந்தவன் பஸ்ஸிலே வந்து எறங்குதான்! கண்ணிலே பச்சைக் கண்ணாடி, இடுப்பிலே அகலமா ஒரு தோல் வாரு, கையிலே ஊசி இல்லாத கிராமபோன். பஸ்ராவுக்குப் பொறவு மொம்பாசா, மொம்பாசாவுக்குப் பொறவு காடு, காட்டிலே சிங்கம். அவன் கொன்னதாச் சொன்ன அந்தச் சிங்கம் மொத வருசக் கதையிலே கன்னுக்குட்டி உசரம், மறுவருசம் எருமை உசரம், பொறவு அதுக்கு ஒரு ஜோடியும் வந்து சேந்துட்டு. நீயும்தான் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டுக் கெடந்தே. ரெண்டு சிங்கத்தைக் கொன்ன சூரன், ராஜு வீட்டு நாய்க்குப் பயந்து தெருவைச் சுத்திக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவான், அதையும் கூட்டத்திலே வாசி. வாரவன் போறவனையெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயித் தன் கல்லைக் காட்டி, அதும் மேலேயே உக்காந்து வெத்திலை போடுவான், அம்புட்டுப் பெருமை.

செல்லத்தாய்கிட்டே மட்டும் அவன் சிங்கம் எடுபடலே. நம்ம வேதக்கோயில் ஐயரே வந்து, புருசன் உசுரோட வந்துட்டாரே, தாலியைப் போட்டுக்கோம்மான்னாரு. அதைக் கழட்டின அன்னிக்கு நான் அழுத அழுகையை அவிய திருப்பித் தரட்டும், போட்டுக்கிடுதேன்னா. சோறு போட்டா, வெந்நீர் வச்சுக் குடுத்தா, ஒரு கொறை வைக்கலே, வெள்ளைச் சேலையை மட்டும் மாத்தலே. ஆசையா ஒரு செவப்புப் பட்டு கொண்டாந்திருந்தான், அதைப் பிரிச்சுக்கூடப் பாக்காம டிரங்குப் பொட்டியிலே வச்சுப் பூட்டினா. ஊரு அவளைத்தான் கல்லு மனசுக்காரின்னு பேசிச்சு. ஓடிப்போனவன் சூரனாம், இருந்த எடத்திலே இருந்து பாடுபட்டவ ராங்கிக்காரியாம், நல்லா இருக்குய்யா உங்க நாயம்.

கடல் முக்காதவனை, சிங்கம் திங்காதவனை, ஐப்பசித் தூறல் கொண்டுக்கிட்டுப் போயிட்டு. நனைஞ்சான், நெஞ்சிலே சளி கட்டிச்சு, ஒரு வாரம் தாங்கலே. என்ன இருந்தாலும் என் தம்பி, எனக்கு வயிறு பத்தி எரியுது, அவன் புளுகைக் கேக்கவாவது இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். நான் அவன் காலைப் புடிச்சுக்கிட்டுக் கதறுதேன், செல்லத்தாய் கண்ணிலே பொட்டுத் தண்ணி இல்லே. கல்லிலே எழுத்தை மாத்தணுமேன்னு உபதேசியார் கேட்டதுக்கு, அது இருக்கட்டும், நான் அழுதது கடல்லே போன அவியளுக்குத்தான்னா. சவப்பொட்டியை மூடப்போற நேரத்திலே உள்ளே போயி, அந்தச் செவப்புப் பட்டை எடுத்தாந்து, மடிப்புக் கலையாம அவன் நெஞ்சு மேலே வச்சா. கொண்டு வந்தவியளே கொண்டு போகட்டும்னா.

அன்னிக்கு ஞானபாக்கியம் எம்பக்கத்திலே நின்னுக்கிட்டு இருந்தா. கல்யாணம் முடிஞ்ச வருசமே நீ கப்பலேறினே, வாற தையோட நாலு வருசம், அவ ஒரு நாள் மொகம் சுளிச்சதில்லே. உன் காயிதத்தை அவளும் வாசிச்சா. சுமத்திரா வரியை ரெண்டு தரம் வாசிச்சா. மடிச்சு என் கையிலே குடுத்துட்டு, எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வந்து, உப்பு இருக்கான்னு கேக்குத மாதிரிக் கேட்டா, மாமி, செல்லத்தாய் அத்தைக்குக் கல் கொத்திக் குடுத்தவரு இன்னும் இருக்காரான்னு. நான் சிரிச்சேன். அவ சிரிக்கலே.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள்ளே வச்சுக் காக்கட்டும். மழையிலே நனையாதே, நம்ம வம்சத்துக்கு ஆகாது. உன் தொரைகிட்டே சுமத்திராவுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லு. ஒண்ணை மட்டும் மறந்திராதே. இருளப்பசாமி செத்துப் போயிட்டாருன்னு அவகிட்டே பொய் சொல்லி வச்சிருக்கேன். அந்த மனுசன் தளவாய்புரத்திலே நல்லாத்தான் இருக்காரு, போன சந்தைக்குக்கூட இங்கே வந்திருந்தாரு. என் பொய் எம்புட்டு நாளைக்குத் தாங்கும்னு எனக்குத் தெரியலே, அதுக்குள்ளே வந்து சேருலே.

திட்டினாலும் உன்னையே நெனைச்சுக்கிட்டு இருக்குத அம்மா,
ஏசம்மாள்