பிஜிலிக்கு ஊசி போடவில்லை, அண்ணா

என் பிரியமான அண்ணனுக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பிஜிலி உயிரோடு இருக்கிறது. போன வாரம் நானும் அப்பாவும் காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் போய், கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தோம். அம்மா அங்கே உன்னோடுதானே இருப்பாள், அவளுக்கும் சொல்லிவிடு.

இரண்டு வருஷமாக உன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேனே, ஏன் என்று நினைத்தாய்? நீ கேட்டது ஒன்றே ஒன்று. அது நடந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. என்னவென்று பேசுவேன்?

எழுபத்தொன்றில் நடந்த சண்டை முடிந்து நீ லீவில் வந்து இறங்கியபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தக் கட்டிலில் கிடந்தும் நீ உன் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. எல்லையில் கண்ணிவெடியை மோப்பம் பிடித்து உங்களுக்கு வழிகாட்டிய உன் நாய் பிஜிலியைப் பற்றித்தான் பேசினாய். அதற்குப் பின்னங்காலில் அடிபட்டு நொண்டுகிறது என்றாய்.

“வேலைக்கு ஆவாதுன்னு எழுதிட்டா ஊசி போட்டுக் கொன்னுருவாங்க மேரி. நான் வெச்சாத்தான் அது திங்கும், வேற யார் கையிலயும் திங்காது. எங்க ஆபீசருக்கு ஒரு லெட்டர் போடு.”

போடுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

நீ போன துக்கம் ஆறும் முன்பே பங்குச் சாமியாரிடம் போய் இங்கிலீஷில் எழுதித் தரக் கேட்டேன். “நாய்க்காகவா?” என்று கேட்டார். “எங்கண்ணனுக்காகங்க சாமி” என்றேன். ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். பென்னாகரம் தபாலாபீசில் நானே போய்ப் போட்டேன். பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை.

அப்பாவுக்குத் தெரியாமல்தான் இதெல்லாம். அவருக்கு உன் நாய் மேல் எவ்வளவு ஆத்திரம் என்று உனக்குத் தெரியாது. சண்டை முடிந்ததும் மற்றவர்களெல்லாம் ஊருக்கு வந்தார்கள். நீ மட்டும் அதன் கால் ஆறட்டும் என்று மூன்று மாதம் அங்கேயே தங்கிவிட்டாயல்லவா? “அப்பவே வந்திருந்தா காமாலைய ஆரம்பத்துலயே பாத்திருக்கலாம். நாய்ப் பேச்ச என் வூட்ல யாரும் எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். நாய்ப் பேச்சோடு உன் பேச்சும் நின்றுபோனது. உன் பெயரைக்கூட அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா?

அப்படியிருக்கும்போதுதான் போன மாதம் அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பட்டாளத்தில் உன்னோடு இருந்த கோவிந்தன். பென்ஷனில் ஊர் திரும்பியிருக்கிறார். ‘உங்கள் மகள் எழுதிய கடிதத்தை எங்கள் ஆபீசர் எங்களை நிற்கவைத்துப் படித்தார். இதை வளர்க்க யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். முன்பே எழுதியிருக்க வேண்டும், இடம் மாறி மாறிப் போனதில் முடியவில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தார்.

அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், “காரிமங்கலத்துக்கு பஸ் எத்தன மணிக்கு?” என்றார்.

பிஜிலிக்கு முகமெல்லாம் நரைத்துவிட்டது, அண்ணா. நொண்டல் அப்படியே இருக்கிறது. நான் எடுத்துப்போன உன் கம்பளிச் சட்டையை நீட்டினேன். மூக்கைப் புதைத்துக் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் கோவிந்தனின் மனைவி களி உருண்டையோடு கூப்பிட, சட்டையை விட்டுவிட்டு அந்தம்மாவிடம் ஓடிவிட்டது. அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றது.

அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது. உன்னை மறந்துவிட்டதே என்று. அடுத்த நிமிஷமே நெஞ்சிலிருந்த கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. நீ பயந்தது நடக்கவில்லை. “உங்கண்ணன் லீவுல போனதும் நாலு நாளு பட்டினிங்க. அஞ்சாம் நாளு நான் வெச்சத மோந்து பாத்துட்டுத் தின்னுட்டுதுங்க. இங்க வந்தப்பறம் எம் பொஞ்சாதிதான் எல்லாம்” என்றார் கோவிந்தன்.

பிறகு கடலைக் காட்டுப் பக்கம் நடந்தோம். பிஜிலி முன்னால் மோந்துகொண்டே போனது. திடீரென்று ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. கோவிந்தன் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அது உக்காந்தா நாம ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாதுங்கய்யா.”

குனிந்து மண்ணைக் கிளறி ஒரு துணி முடிச்சை எடுத்தார். பக்கத்தில் கிணறு வெட்டுகிற இடத்தில் வெடிமருந்து துடைத்த துணியாம். தினமும் ஒன்றை எங்காவது புதைத்து வைக்கிறாராம். “வேல இல்லாட்டி சோந்து படுத்துக்குதுங்க. கண்டுபுடிச்சிட்டா அன்னிக்குப் பூரா சந்தோசம்” என்றார். இப்படி ஒரு மனுஷர் கையில் அது வந்து சேர்ந்ததே, அண்ணா.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். “அங்கியும் இப்பிடித்தான் போவுமா?”

“ஆமாங்க. இது முன்னால, உங்க அந்தோணி பின்னால, நாங்க அவன் காலடியப் பாத்து அதுக்கும் பின்னால. சண்டையில ஒரு நாளு கண்ணிவெடிக்கு முன்னால இது உக்காரலேன்னா அன்னிக்கே அவனும் இல்ல, நானும் இல்லீங்க.”

அப்பா வரப்பில் உட்கார்ந்தார். பிஜிலியின் அடிபட்ட காலைத் தடவினார். “அப்பன்னா எம்மவன் எங்கிட்ட வந்து சேந்ததே உன்னாலதானா?” என்று அதனிடம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தர்மபுரி வரும் வரைக்கும் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் நீ புளியமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாயாமே? எனக்கு இது தெரியவே தெரியாது.

கோவிந்தனுக்கு எப்போதாவது முடியாமல் போனால் பிஜிலியை நம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அப்பாவே கேட்டிருக்கிறார். எங்கே இருந்தாலும் அது தன் ஆயுசு முழுக்க இருந்துவிட்டுத்தான் போகும். அந்த நாள் வரும்போது நான் பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
லூர்து மேரி