பிடிக்குள் இருந்த இரண்டு பித்தளைத் தகடுகள்

அனுப்புநர்:
மா. தம்மபாலன், வயது 50,
மூத்த உதவியாளர், உலோகச் சோதனைக் கூடம்,
கௌரவச் செயலாளர், தொழிலாளர் துப்பாக்கி சுடும் சங்கம்,
நந்திதுர்க், கோலார் தங்கவயல், மைசூர் மாநிலம்.

பெறுநர்:
உயர்திரு பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
சுரங்கக் காவல் பிரிவு, கோலார் தங்கவயல்.

பொருள்: சங்கத்தின் உரிமம் பெற்ற இருபத்திரண்டு (.22) துளை அளவுக் கைத்துப்பாக்கி மேற்கு வாயிலில் பறிமுதல் செய்யப்பட்டது – 23-9-1966 வெள்ளி மாலைக்குள் விடுவிக்கக் கோருதல் – அத்துடன் மனுதாரருக்குப் புதிய டோக்கன் வழங்கக் கோருதல்.

பார்வை: 1) பறிமுதல் சீட்டு எண் 88, நாள் 11-9-1966.
2) தங்கள் அலுவலகக் குறிப்பு, நாள் 14-9-1966.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலத்தில் வரும் மனுக்கள் தலைமைக் குமாஸ்தாவின் மேசையைச் சுற்றித்தான் தங்களிடம் வரும் என்றும், தமிழில் வருவதைத் தாங்களே அன்றன்றே படிப்பதாகவும் அறிவிப்புப் பலகையில் கண்டேன். நேரம் குறைவாக இருப்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1. பறிமுதலான பொருள் எதுவென்று முதலில் தெளிவாக்க வேண்டும். அமெரிக்கப் படையினர் இரண்டு உலகப் போர்களிலும் இடுப்பில் கட்டியிருந்த நாற்பத்தைந்து (.45) துளை அளவுக் கைத்துப்பாக்கியைத் தாங்கள் அறிவீர்கள். எங்களுடையது அதுவன்று. அதே நீளம், அதே பிடி, அதே விசை. ஆனால் உண்பது இருபத்திரண்டு துளை அளவுச் சிறு தோட்டா. பெரியதில் ஒருவர் ஐந்து முறை சுடும் செலவில் எங்கள் உறுப்பினர் பன்னிருவரும் ஆளுக்கு ஐந்து முறை சுடலாம். சங்கம் இத்தனை ஆண்டு உயிரோடிருப்பதற்கு அதுவே காரணம். இரண்டையும் வைத்திருந்த பொறியாளர் திரு. எட்மண்ட் 1956-இல் தாயகம் திரும்பியபோது பெரியதை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, சிறியதை முறைப்படி சங்கத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். பட்டறை ஃபிட்டர் திரு. ராஜப்பா அதைத் 'தம்பி' என்று அழைப்பார். பதிவேட்டில் அப்பெயர் இல்லை.

2. தம்பிக்கு (மன்னிக்கவும், மேற்படி கைத்துப்பாக்கிக்கு) பெரியதைவிட எடை ஐந்து அவுன்ஸ் குறைவு. "லேசா இருந்தா கை துள்ளும் சார். கனம் வெச்சா கம்முனு இருக்கும்" என்று கூறி, திரு. ராஜப்பா சென்ற ஆண்டு இரண்டு பித்தளைத் தகடுகளை அறுத்து மரப்பிடியின் அடியில் பொருத்தினார். பித்தளை, பட்டறைக் கழிவிலிருந்து எழுத்து அனுமதியுடன் பெறப்பட்டது. அனுமதிச் சீட்டு இணைப்பு 1. போட்டி விதிகள் இத்தகைய எடையை அனுமதிக்கின்றன. அவ்விதியின் நகல் இணைப்பு 2.

3. எங்கள் சுடுதளம் சுரங்க வேலிக்குள், தங்கம் பிரித்த கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைட் மேட்டின் அடிவாரத்தில் உள்ளது. அவ்வளவு மண்ணைத் தாண்டிக் குண்டு எங்கும் போகாது. ஆனால் வேலிக்குள் இருப்பதால், வெளியே வரும் ஒவ்வொரு முறையும் எங்களுக்கும் துப்பாக்கிக்கும் வாயிலில் சோதனை உண்டு. சென்ற ஞாயிறு மாலை பிடியின் திருகு ஒன்று தளர்ந்து மரம் விலகியிருந்தது. வாயில் தலைமைக் காவலர் திரு. ஆபிரகாம் குனிந்து பார்த்தார். அவர் கூறியதை உள்ளபடியே தருகிறேன்: "இன்னா சார் இது, உள்ள மஞ்சளா மின்னுது? சுடறேன் சுடறேன்னு சொல்லிக்கினு வாராவாரம் இதைத்தான் எடுத்துக்கினு போறீங்களா?" வரிசையில் நின்றவர்கள் வெகுநேரம் சிரித்தார்கள். திரு. ஆபிரகாம் சிரிக்கவில்லை, சீட்டு எழுதினார். அவர்மீது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

4. குறை யார்மீது என்றால், ஐயா, பெரும்பகுதி என்மீதுதான். மறுநாள் காலை, பெயர் குறிக்காத உறையில், எண் 406 என்று மட்டும் குறித்த தகடு ஒன்று சோதனைக்காக என் மேசைக்கே வந்தது. ஓரத்தில் திரு. ராஜப்பாவின் அரம் போட்ட தடத்தைக் கண்டதும் அது எதுவென்று தெரிந்தது. மற்றொரு சோதனையாளர் மகள் திருமணத்திற்காக விடுப்பில் இருந்ததால், நான் சங்கச் செயலாளர் என்பதை அறிக்கையின் ஓரத்தில் குறித்துவிட்டுச் சோதித்தேன். முடிவு: செம்பு, துத்தநாகம், சிறிது ஈயம்; தங்கம் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு.

5. அந்தக் கடைசி வரியே எல்லாவற்றுக்கும் காரணம். வெளியே கொண்டு செல்லக் கூடாதது "தங்கம் கலந்த எப்பொருளும்" என்கிறது சுரங்கக் காவல் விதி 14. எவ்வளவு கலந்திருந்தால் என்று அது கூறவில்லை. ஆகவே துப்பாக்கி முழுவதும் அக்டோபர் 17-இல் கூடும் விசாரணைக் குழுவுக்காகப் பெட்டகத்தில் காத்திருக்கும் என்று தங்கள் அலுவலகக் குறிப்பு தெரிவிக்கிறது. விதியின் எழுத்துப்படி அது சரியே.

6. ஆனால் மாநிலப் போட்டி இம்மாதம் 25-ஆம் நாள் பெங்களூரில் நடைபெறுகிறது. நமது தங்கவயலிலிருந்து தேர்வானவர் ஒருவரே: சுரங்க மருத்துவமனைச் செவிலி திருமதி சரோஜம்மா. தேர்வுச் சுற்றில் பயன்படுத்திய அதே துப்பாக்கியை 24-ஆம் நாள் காலை பத்து மணிக்கு நேரில் காட்டாதவரின் பெயர் அடிக்கப்படும். இரவல் துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை. மூன்று ஆண்டுகள் ஓரிரு புள்ளிகளில் தவறவிட்ட இடத்தை அவர் இந்த ஆண்டுதான் பெற்றிருக்கிறார்.

7. அறிக்கையின் கடைசி வரியைப் பற்றி அவரிடம் நானே சென்று கூறினேன். "அந்த ஒரு வரியை எழுதாம இருந்தா இன்னா சார் ஆயிருக்கும்? உங்களை நாடி பார்க்கச் சொன்னாக்கூட மூணு தசமம் போட்டுத்தான் சொல்வீங்க போல!" என்றார். பிறகு, "எழுதினது எழுதினதுதான். துப்பாக்கியை வாங்கிக் குடுக்க வழி பாருங்க. ஊசி போடற கை இது, நடுங்காது" என்றார். இப்போது உணவு இடைவேளைகளில், சீசாவோடு சேர்த்து, தகடு பொருத்திய துப்பாக்கியின் எடையான முப்பத்தொன்பது அவுன்ஸ் வருமாறு தண்ணீர் ஊற்றி, அதைக் கை நீட்டிப் பிடித்துப் பழகுகிறார். வார்டில் படுத்திருக்கும் நம் தொழிலாளர்கள் எண்ணிக்கை சொல்கிறார்கள். பத்து வரை எண்ணுவதற்குள் இருமுறை மூச்சு வாங்க வேண்டியவர்களும் எண்ணுகிறார்கள். இதை நான் கண்ணால் கண்டதால் எழுதுகிறேன். இதற்கு இணைப்பு ஏதும் இல்லை.

8. வழி பார்க்கும் பொருட்டு, தகட்டுக்கான பித்தளை எந்தக் கழிவிலிருந்து வந்தது என்று பட்டறைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஆலையில் தேய்ந்த பம்பு வால்வுகளை உருக்கி வார்த்த தகடு அது. பல ஆண்டுகள் தங்கச் சேறு புகுந்து போன வால்வுகள். மூன்று பங்கு ஒட்டியிருப்பதில் வியப்பில்லை. அதே தகட்டிலிருந்து வேறென்ன வெட்டப்பட்டது என்ற இடத்தில், "ஆள் டோக்கன், 4,000" என்று எழுதியிருந்தது; வாயிலில் நாம் ஒவ்வொருவரும் காட்டும், எண் பொறித்த பித்தளை அடையாள வில்லைதான் அது.

9. ஆகவே நேற்று, சோதனைக் கூடத் தலைவரின் எழுத்து அனுமதி பெற்று (இணைப்பு 3), என் சொந்த டோக்கன் எண் 1173-ஐச் சரிபாதியாக வெட்டி உருக்கிச் சோதித்தேன். தங்கம், பத்து இலட்சத்தில் நான்கு பங்கு. அதாவது துப்பாக்கியில் இருந்ததைவிட ஒரு பங்கு அதிகம். விதி 14-ஐ எழுத்தளவில் கடைப்பிடித்தால், நாள்தோறும் மூன்று ஷிஃப்டிலும் நாலாயிரம் பேர் சட்டைப்பையில் தங்கத்தோடு வீட்டுக்குப் போகிறோம். வாயிலில் அதைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பவர் திரு. ஆபிரகாம்.

10. இதற்கிடையில் திரு. ராஜப்பா, பித்தளைக்குப் பதிலாக அதே எடையில் இரண்டு ஈயத் தகடுகளை ஆயத்தம் செய்துவிட்டார். "இதுல தங்கம் இருக்குதான்னு மட்டும் பார்த்துடாதீங்க சார், உங்க கால்ல வுழறேன்" என்றார். பார்த்தேன். இல்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

பித்தளைத் தகடுகள் இரண்டையும் குழுவின் தீர்ப்பு வரும்வரை தாங்களே வைத்துக்கொள்ளலாம்; ஆட்சேபணை இல்லை. துப்பாக்கியை மட்டும் விடுவித்து, 23-ஆம் நாள் வெள்ளி மாலை மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் ரயில் வண்டிக்கு முன் திருமதி சரோஜம்மாவின் கையில் சேர்க்க ஆணையிட வேண்டும். என் அறிக்கையை நானே உறுதி செய்வது முறையன்று என்று தாங்கள் கருதினால், விடுப்பிலிருக்கும் சோதனையாளர் திங்களன்று பணிக்குத் திரும்புகிறார். மறுசோதனைக்கு ஒரு பகல் போதும். அவரும் மூன்று பங்கே காண்பார். விதி 14-இல் அளவு ஒன்றைக் குறிப்பது பற்றிக் குழு பின்னர் ஆலோசிக்கலாம், அதற்கு அவசரமில்லை.

இறுதியாக ஒன்று. இன்று காலை வாயிலில் என் டோக்கனின் எஞ்சிய பாதியைக் காட்டினேன். அதில் '11' மட்டுமே இருக்கிறது. அது தங்கள் ஜீப் ஓட்டுநரின் எண்ணாம். திரு. ஆபிரகாம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பாதி ஆளா வந்துக்கிறீங்க? எந்தப் பாதியை உள்ள வுடறது?" என்று கேட்டார். சிதைந்த டோக்கன் செல்லாது என்பது விதி 9. அவர் என்னை உள்ளே விடாதது சரி. நாலாயிரம் டோக்கன்களிலும் தங்கம் உண்டு என்று அவரிடம் கூறினேன். சட்டைப்பையிலிருந்து தன் டோக்கனை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "சரோஜம்மா ஜெயிச்சிட்டு வரட்டும் சார், அப்புறம் என்னையே புடிங்க" என்றார். ஆகவே இம்மனுவை வாயிலுக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் அமர்ந்து எழுதி, அவர் கையாலேயே தங்களுக்கு அனுப்புகிறேன்.

எனக்குரிய தண்டத்தைச் செலுத்திப் புதிய டோக்கன் பெறச் சித்தமாயிருக்கிறேன். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் இன்று தங்களுக்கு நேரம் இருக்குமாயின், துப்பாக்கியை முதலில் அனுப்பக் கோருகிறேன். நான் வெளியில் காத்திருக்க முடியும். பெங்களூரில் காலை பத்து மணி காத்திராது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
மா. தம்மபாலன்
(டோக்கன் எண் 1173, தற்போது 11)

இடம்: மேற்கு வாயில், வெளிப்புறம்.
நாள்: 16-9-1966, காலை 8.40.

இணைப்பு: மேற்கண்ட மூன்றும், டோக்கனின் எஞ்சிய பாதியும். பின்னதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.