சம்மனசுக்குப் பொட்டு

டிசம்பர் 15, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்த எதுவும் காயவில்லை. பருப்பு அடிப்பிடித்தது. காரணம் தொலைபேசி. மகள் தர்ஷினி வருகிறாளாம்! நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, மாப்பிள்ளை அன்ரனோடு, இங்கே நம் வீட்டுக்கு.

கோயிலில் கல்யாணம் வேண்டாம், சேர்ச்சில்தான் என்று முடித்துக்கொண்டு போன பிறகு ஒரே தடவை வந்தாள், தைப்பொங்கலுக்கு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். "என்னடி நெத்தி வெறுமையா இருக்கு? சேர்ச்சுக்கு, வேதத்துக்குப் போனதும் பொட்டும் போயிருச்சா?" மறுநாளே தன் வீட்டுக்கு, வத்தளைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இன்று ஒரே நிபந்தனை. "அம்மா, பொட்டுக் கதை மட்டும் எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா அன்னைக்கே திரும்பிருவேன்." சரி என்றேன். இந்த வாய் இருக்கிறதே, அதைத்தான் முதலில் தைக்கவேண்டும்.

வீட்டில் நத்தாருக்கென்று ஒரு பொருளும் இல்லை. கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் சாமான் வேண்டாம். நானே செய்யப்போகிறேன். சிறகு வைத்த துணித் தேவதைகள். விறாந்தையில், ஜன்னலில், அவள் படுக்கிற அறையில். உள்ளே வந்ததும் அவளுக்கு விளங்கவேண்டும்.

டிச. 17, செவ்வாய்

அரைநாள் லீவு. மழை. மாத்தளை டவுனில் வாங்கியது: மெல்லிய வெள்ளைத் துணி, லேஸ், பஞ்சு, முடிக்குப் பழுப்புக் கம்பளி நூல். சிவப்பு நூல் வீட்டில் உண்டு. கொத்தமல்லி மறந்துபோனது.

பஸ் ஸ்டாண்டில் இரத்தோட்டை பஸ்ஸுக்கு நின்ற இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள்.
"நத்தாருக்கு லீவு கேட்டியா?"
"கேட்டேன். கொழுந்துக்கு நத்தார் தெரியுமாங்கிறான் கங்காணி."
இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு.

முதல் தேவதை முடிந்தது. தலையணைக்குக் காது முளைத்த மாதிரி. இவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். "இது பறக்காது. உருளும்." கரண்ட் ஆபீஸில் இருந்து பென்ஷன் எடுத்ததிலிருந்து இந்த மனுஷனுக்கு வாய் கூடிப்போச்சு.

டிச. 18, புதன்

பக்கத்து வீட்டு பரீதாவிடம் சரண். சட்டை, யூனிபோர்ம் எல்லாம் தைக்கிறவள். அலுவிகாரையில் பாதிப் பிள்ளைகள் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். என் உருண்டையைக் கையில் வாங்கி, அடக்கமுடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு கத்தரியை எடுத்தாள்.

அந்தக் கை! துணியை நாலாய் மடித்தாள், ஒரு வளைவு வெட்டினாள், விரித்தால் சிறகு. லேஸைச் சுருக்கி இழுத்தாள், பாவாடை. பஞ்சுக்குள் இரண்டு கராம்பு வைத்தாள். "பூச்சி வராதுக்கா, வாசமும் இருக்கும்." நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

சிறகை இன்னும் பெரிதாக வைக்கலாமா என்று கேட்டேன். "எங்க மலக்குமாருக்கு எத்தனை சிறகு தெரியுமா? உங்க வீட்டு விறாந்தை காணாது" என்கிறாள். அவர்கள் தேவதையை மலக்கு என்பார்கள். ஆனால் முகம் மட்டும் வைக்கமாட்டாள். "உசுரு குடுக்கிறவன்தான் முகம் குடுக்கணும். அது எனக்கு வேணாம்க்கா. கண்ணு, வாய் எல்லாம் உங்க பாடு." சரிதான். அவளிடம் இதுதான் எனக்குப் பிடிக்கும். முடியும் என்றால் முடியும், மாட்டேன் என்றால் மாட்டேன், நடுவில் கோபம் கிடையாது.

டிச. 20, வெள்ளி

கோயில். அம்மனிடம் ஒரே வேண்டுதல்: என் நாக்கு.

தர்ஷினியிடம் போனில் சொல்லிவிட்டேன், தேவதை செய்கிறேன் என்று. "எனக்காகவா?" என்றாள். பிறகு, "தேவதை இல்லம்மா, சம்மனசு." சம்மனசு. சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது. நாள் முழுக்க ஆபீஸில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசை விசயா "யாருக்கு கோர்ட்டு சமன்ஸ் வந்திருக்கு?" என்று பயந்துபோனாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசையில் செப்புக் கம்பி வளையங்கள், வரிசையாய், நகைபோல் பளபளவென்று தேய்த்து. தலைக்குப் பின்னால் வைக்கிற ஒளிவட்டம். நான் கேட்கவேயில்லை. இவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "சும்மா கெடந்த கம்பி" என்றார். சும்மா கிடந்த கம்பியை யார் அப்படித் தேய்ப்பார்கள்? இந்த மனுஷன்தான் அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்.

டிச. 22, ஞாயிறு

நாளை வருகிறார்கள். முகம் வைக்கும் நாள். ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கறுப்பு நூலில் கண். சிவப்பில் வாய். எல்லாம் முடித்து வரிசையாய் அடுக்கினேன். என்ன அழகு! லட்சணமான பிள்ளைகள். எனக்கே பெருமை தாங்கவில்லை. பரீதாவைக் கூப்பிட்டேன்.

பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். "என்னக்கா, உங்க மலக்குமார் எல்லாம் கோயிலுக்குப் போய்ட்டு வந்திருக்காங்க?"

அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு. சிவப்பு நூலால் அழகாய், வட்டமாய், நடுவில். வாய் தைத்த கை அப்படியே மேலே போயிருக்கிறது. பெண்பிள்ளை முகம் என்றால் பொட்டு இல்லாமல் முடிந்ததாகத் தோன்றவில்லை போல. கடவுளே. வாயைக் கட்டினேன், கையைக் கட்டவில்லையே.

குத்திக்காட்டத்தான் செய்தேன் என்று நினைப்பாள். சத்தியமாய் நினைப்பாள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்வதற்கே பொட்டுக் கதையை எடுக்கவேண்டுமே! ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். ஓட்டை தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், சாயம் இறங்கி ரோஸ் கறை. அழுதுவிட்டேன். இவர் வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பரீதா கம்பளி நூலை எடுத்தாள். "முடியை முன்னால இழுத்து விட்டாப் போச்சு. இப்பத்த பிள்ளைங்க எல்லாம் இப்படித்தானே வெட்டுது." ஒவ்வொன்றுக்கும் நெற்றி மறைய முடி தைத்தாள். கறையும் தெரியவில்லை, ஓட்டையும் தெரியவில்லை, முன்னைவிட அழகு வேறு. கடைசி ஒன்றில் பிரிக்கப் போனால் துணி கிழிய வந்தது. "இது இருக்கட்டும்க்கா. யாரு முடியைத் தூக்கிப் பார்க்கப்போறா?" பொட்டோடு அப்படியே மூடிவிட்டோம். இப்படி ஒருத்தி பக்கத்து வீட்டில் இருக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

டிச. 23, திங்கள்

வெயில்! வந்துவிட்டார்கள். அன்ரன் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு இவர் காலைத் தொட்டான். இவர் தடுமாறி, "பஸ்ல சீட் கெடச்சுச்சா?" என்றார்.

தர்ஷினி மெலிந்திருக்கிறாள். நெற்றி மறைகிற மாதிரி முடி வெட்டியிருக்கிறாள். அதோடு சரி, பிறகு நான் அவள் மூக்குக்கு மேலே பார்க்கவேயில்லை. மாங்காய்ச் சம்பல், கோழிக்கறி. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

விறாந்தையில் சம்மனசுகள் காற்றில் மெதுவாய்ச் சுற்றின. கம்பி வெயிலில் மின்னியது. கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா, எவ்ளோ வடிவா இருக்கு. எல்லாம் என்னைய மாதிரி முடி வெட்டியிருக்கே!" அன்ரனும் போனில் படம் எடுத்து எடுத்து அவனுடைய அம்மாவுக்கு அனுப்பினான். எனக்குக் கால் தரையில் இல்லை.

டிச. 24, செவ்வாய்

மறுபடி தூறல். பரீதா இனிப்புக்கு வட்டிலாப்பம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் நத்தார் மரம் வாங்க டவுனுக்கு.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து நின்றாள். கையில் ஒரு சம்மனசு. முடியை விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த ஒன்றேதான்.

"இது என்னம்மா?"

துருவலை விட்டுவிட்டேன். எல்லாம் கொட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாய் வைத்துவிட்டது, எல்லாவற்றுக்கும் வைத்துப் பிரித்தேன், கறை, கம்பளி, பரீதா. "அன்னைக்கே திரும்பிருவேன்னு சொன்னியே, போயிறாதடி" என்றும் சொல்லிவிட்டேன், வெட்கமில்லாமல்.

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. தன் முடியையும் தூக்கினாள். நெற்றி நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில், வெள்ளையாய் ஒரு வட்டம். ஓரமெல்லாம் சிவந்து தடித்து.

"ஒட்டுப்பொட்டு ஒத்துக்கலம்மா. கல்யாணத்துக்கு முன்னமே தொடங்கிருச்சு. குங்குமம் வச்சாலும் எரியுது. அன்ரன் வீட்ல யாரும் வைக்காதன்னு சொல்லல. நீங்க பொட்டு எங்கன்னு கேட்டீங்க. ஏன்னு கேக்கவே இல்லையே."

கிட்டப் போய் அந்த வட்டத்தைப் பார்த்தேன்.

டொக்டர் தந்த களிம்பு பையில் இருக்கிறது என்றாள். கொண்டா என்றேன். கையைக் கழுவித் துடைத்தேன். எந்த விரலால் பூசினாலும் ஒன்றுதான், எனக்கு மோதிர விரல்தான் வந்தது. நடுவில் தொட்டு, வட்டமாய்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் நிற்கிற மாதிரியே.

"கடைசில வச்சிட்டீங்க" என்றாள்.