வாசலோடு நின்ற சப்பாத்து

05.05.2025, திங்கள்

என் ஆய்வின் முதல் நோயாளி சரீப் நானா. காத்தான்குடியில் புடவைக்கடை; அங்கே அண்ணனுக்கு நானா. உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து மாதமாக ஆறாத நீரிழிவுப் புண். காலில் அடைபட்டிருந்த இரத்தக்குழாயைப் போன மாதம் திறந்துவிட்டேன். இனிப் புண்ணில் பாரம் விழக்கூடாது. அதற்கென்று செய்த சப்பாத்தைக் கொடுத்தேன். அதன் அடியில் நடையை எண்ணும் கருவி. மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து விளிம்பை வரைந்தேன். எட்டிப் பார்த்தார்.

"இலங்கைப் படம் மாதிரி இரிக்கி புள்ள."

19.05

கருவி சொல்கிறது: நாளுக்குத் தொண்ணூறு அடிதான். இப்படியொரு சொல் கேட்கும் நோயாளி! மருத்துவ மாநாட்டுக்கான ஆய்வுச் சுருக்கத்தில் "முழு ஒத்துழைப்பு" என்று காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். பிறகுதான் கட்டை அவிழ்த்தேன்.

"என்ன புள்ள, இந்தியாவாப் பெருத்திட்டு?"

என் மேற்பார்வையாளர் றொனால்ட் சேர் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு கிழமை. ஆறாட்டி விரலை எடுப்பம்."

20.05

குழாய் திறந்தே இருக்கிறது. கிருமி இல்லை. சீனி பரவாயில்லை. அப்ப என்னதான்? என்ர கைதான் பிழையோ?

24.05, சனி

வீட்டுக்கே போனேன். செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன் — பக்கத்தில் அந்தச் சப்பாத்து. துடைத்து, கடதாசி விரித்து, மரியாதையாக வைத்திருந்தது. நானா வெறுங்காலோடு ஓடி வந்து வரவேற்றார்!

"ஊட்டுக்குள்ள செருப்போட நடக்கிறயா புள்ள? நீங்களும் கழட்டிட்டுத்தானே வந்தீங்க?"

கடைக்குள் பாய் விரித்திருக்கிறது, அங்கும் வெறுங்கால். பள்ளிவாசலில் கேட்கவே வேண்டாம். அந்தத் தொண்ணூறும் ஓட்டோவில் ஏறவும் இறங்கவும்.

நூறு கட்டுரை படித்திருப்பேன். ஒன்றிலும் வாசற்படி வரவில்லை. நானும் அங்கே வெறுங்காலோடுதான் நின்றேன். கடவுளே, இதை ஒருவரும் வாசிக்கக்கூடாது.

26.05

புதுச் சப்பாத்து ஒன்றை மாட்டி, மேலே கட்டுத்துணியால் சுற்றி ஒட்டினேன்.

"இது செருப்பில்ல நானா, கட்டு. நான்தான் அவிழ்ப்பன்."

அவர் மனைவி ஸைனம்பு தீர்ப்புச் சொன்னார்: "கட்டெண்டா ஊட்டுக்குள்ள வரட்டும். தொழுகைக்குக் கழுவுற ஒழுவுக்கு ஈரக்கையால மேலால தடவினாப் போதுமாம், புண் வந்த நேரமே மௌலவிட்டக் கேட்டுட்டன்."

மாநாட்டுக்கு அனுப்பியதைத் திருப்பி எடுத்தேன். றொனால்ட் சேர் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மெதுவாக, "பதினாறு வருசமா நானும் ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல" என்றார். ஆய்வுப் படிவத்தில் புதுக் கேள்வி: வீட்டுக்குள்ளும் போடுகிறீர்களா?

02.06

மறுபடி இலங்கை. விரல் தப்பியது.

30.06

நாளுக்கு நாலாயிரம் அடி. மனிதர் உட்காருவதே இல்லை! புண் மாலைதீவு.

18.08

தாளை வைத்தேன். வரைய விளிம்பே இல்லை; பேனை எங்கும் போகவில்லை. திகதியை மட்டும் எழுதினேன்.

"இண்டைக்கு எந்த நாடு புள்ள?"

"கடல் நானா. ஒரே கடல்."